கைடு இல்லாம க்ராக்கோவ் சுத்துறது எப்படி: ரெண்டு நாள் நடை

போலந்து நாட்டு க்ராக்கோவ்ல நடக்குறதுக்கு நான் சொல்ற ஒரே ரூல், வடக்குல ஆரம்பிச்சு தெற்கு பக்கமா போங்க. எதிர்பக்கமா நடந்தாலும் அதே கட்டடம் தான் வரும், ஆனா கதை தலைகீழா போயிடும். முடிசூட்டிக்க வந்த ராஜா ஊர்வலமா உள்ள நுழைஞ்சதும் இந்த வழி தான், செத்துப் போன ராஜாவ தூக்கிட்டு போனதும் இந்த வழி தான், அதனால இதுக்கு ராஜ பாதைனே பேரு. 1600 வாக்குல ராஜா ஜாகைய வார்சாவுக்கு மாத்துற வரைக்கும் இது தான் தலைநகரம். ரெண்டாம் உலகப்போர்ல வார்சா தரைமட்டமாச்சு, க்ராக்கோவ் கட்டடங்க பெருசா அடி வாங்கல, அதனால பழைய ஊர்ல நீங்க பாக்குறது பெரும்பாலும் ஒரிஜினல். 1978ல யுனெஸ்கோ முதல் முதலா போட்ட 12 உலக பாரம்பரிய இடங்க லிஸ்ட்லயே இந்த ஊர் இருக்கு.

பேர் பத்தி ஒரு வார்த்தை. நாம எழுதுறது க்ராக்கோவ், அங்க சொல்றது க்ராக்குஃப். கடைக்குள்ள போனதும் "ஜென் டோப்ரி"னு ஒரு வணக்கம் போடுங்க, கல்லாவுல இருக்குறவங்க முகம் கொஞ்சம் இளகும், வரும்போது "ஜென்குயே"னு ஒரு நன்றி, இது ரெண்டு போதும்.

ஷூ நல்லதா போடுங்க. தெரு முழுக்க கல்லு பாவினது, மழை பெஞ்சா வழுக்கும், ட்ராலி பெட்டிய இழுத்துட்டு வந்தா சக்கரம் போயிடும், பெட்டிய ரூம்லயோ ஸ்டேஷன் லாக்கர்லயோ போட்டுட்டு வாங்க. டிசம்பர்ல போறவங்களுக்கு, சாயங்காலம் நாலு மணிக்கு முன்னாடியே இருட்டிடும், அதனால காலைல சீக்கிரம் கிளம்புங்க.

மெயின் ரயில்வே ஸ்டேஷன்ல இருந்து பத்து நிமிஷ நடையில மதெய்க்கோ சதுக்கம். அங்க தான் ஸ்டார்ட், 9:30க்கு நிக்குற மாதிரி பாத்துக்கோங்க. நடுவுல பெரிய குதிரை சிலை, க்ருன்வால்ட் போர் நினைவுச்சின்னம். 1410ல நடந்த சண்டைக்கு 500 வருஷம் ஆச்சுனு 1910ல வெச்சாங்க, 1939ல ஜெர்மன்காரங்க உடைச்சு போட்டாங்க, 1976ல திரும்ப கட்டுனாங்க. போட்டோ எடுத்துட்டு நகருங்க, இங்க ரொம்ப நேரம் வேணாம்.

எதிர்ல வட்டமா செங்கல்ல ஒரு கோட்டை நிக்கும், அது பார்பிக்கன். 1498, 99ல கட்டுனது, சுவரு மூணு மீட்டர் தடிமன், மேல ஏழு குட்டி கோபுரம். துருக்கி படை வந்துடுமோங்கற பயத்துல அவசர அவசரமா கட்டுனாங்களாம். அதை தாண்டுனா ஃப்ளோரியன் வாசல். ஊரை சுத்தி இருந்த மதில் முழுக்க 1800களோட ஆரம்பத்துல இடிச்சுட்டாங்க, இந்த சின்ன துண்டு மட்டும் எப்படி தப்பிச்சுதுனு கேட்டீங்கனா, ரத்வான்ஸ்கினு ஒரு புரொஃபசர் விடாம வாதாடினாராம். அவர் சொன்ன காரணம் தான் காமெடி, வடக்கு காத்து நேரா ஊருக்குள்ள வந்து ஜனங்களுக்கு சளி, மூட்டு வலி எல்லாம் வரும், பொம்பளைங்க பாவாடை வேற பறக்கும்னு சொன்னாராம். நிஜமோ கட்டுக்கதையோ, சுவரு நிக்குது. மதில் இருந்த இடம் பூரா இப்போ பிளான்ட்டினு பார்க், பழைய ஊரை மோதிரம் மாதிரி சுத்தி சுமார் நாலு கிலோமீட்டர். கால் வலிச்சா எந்த தெருவுல இருந்தும் ரெண்டு நிமிஷத்துல அங்க போய் பெஞ்ச்ல உக்காந்துடலாம், இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, ரொம்ப உதவும்.

வாசலுக்கு உள்ள வந்ததும் வலது பக்கம் திரும்புனா சார்டோரிஸ்கி மியூசியம். லியனார்டோ டா வின்சி வரைஞ்ச, கையில வெள்ளை கீரி மாதிரி ஒரு பிராணிய வெச்சுட்டு நிக்குற பொண்ணு, அந்த படம் இங்க தான் இருக்கு. டா வின்சி வரைஞ்ச பெண் ஓவியம்னு உலகத்துல இருக்கறதே நாலு தான். பாரிஸ்ல மோனா லிசா முன்னாடி கூட்டத்துல நசுங்குனவங்க இங்க வந்து பாருங்க, பல நேரம் படத்துக்கு ரொம்ப பக்கத்துலயே நிக்கலாம். ஆனா இதை முதல் நாள் காலைல நுழைக்காதீங்க, டைம் இடிக்கும், மதியத்துக்கோ மறுநாளுக்கோ ஆன்லைன்ல டிக்கெட் போட்டுக்கோங்க.

ஃப்ளோரியான்ஸ்கா தெருவுல நேரா நடங்க. தெருமுனையில நீல கலர் வண்டில வட்டமா முறுக்கின ரொட்டி விப்பாங்க, பேரு ஒப்வஜானெக், மாவை கொதிக்குற தண்ணில முக்கி எடுத்துட்டு அப்புறம் சுடுறது, மேல கசகசா, எள்ளு, இல்ல உப்பு. 2010ல ஐரோப்பிய யூனியன்ல புவிசார் குறியீடு வாங்கியிருக்கு. எள்ளு போட்டது வாங்குங்க, கசகசா போட்டது பல்லு இடுக்குல மாட்டி நாள் பூரா போட்டோல கருப்பு புள்ளியா தெரியும், என் அனுபவம். காலைல வாங்குங்க, சாயங்காலம் ஆச்சுனா வண்டி டயர் தான்.

11 மணிக்கு ரினெக்ல இருங்க, அதாவது பெரிய சதுக்கத்துல. கிட்டத்தட்ட 200 மீட்டருக்கு 200 மீட்டர், 1257ல ஊருக்கு நகர உரிமை கொடுத்தப்போ ஸ்கேல் வெச்சு கோடு போட்ட மாதிரி போட்டது. இங்க ஒரு சின்ன விளையாட்டு சொல்றேன். நடுவுல நின்னு மரியாக்கி சர்ச்ச பாருங்க, ரெண்டு கோபுரம் உள்ளது. சதுக்கத்து கோட்டோட சேராம கொஞ்சம் சாஞ்ச கோணத்துல நிக்கும். ஏன்னா சதுக்கம் போடுறதுக்கு முன்னாடியே அங்க ஒரு சர்ச் இருந்துச்சு, அதை நகத்த முடியல, அதே கோணத்துல புதுசும் வந்துருச்சு. அதே மாதிரி தெற்கு மூலையில க்ரோட்ஸ்கா தெரு மட்டும் சதுக்கத்துக்குள்ள குறுக்கா வந்து விழும், மத்த தெரு எல்லாம் நேர்கோட்டுல இருக்கும். அதுவும் பழைய பாதை. பிளான் போட்டவன் எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் ஏற்கனவே இருந்த கோயிலையும் ரோட்டையும் ஒண்ணும் பண்ண முடியலங்கறது 750 வருஷம் கழிச்சும் கண்ணுக்கு தெரியுது, எனக்கு ஊர்லயே ரொம்ப பிடிச்ச விஷயம் இது தான்.

சரி ட்ரம்பெட். மரியாக்கியோட உசந்த கோபுரம் 80 மீட்டருக்கு மேல, அது உச்சியில இருந்து ராத்திரி பகல்னு ஒவ்வொரு மணிக்கும் ஒரு ஆள் வாசிப்பாரு, ரெக்கார்டு கிடையாது, தீயணைப்பு படைல இருக்குறவங்க ஷிஃப்ட் போட்டு மேல இருக்காங்க. நாலு திசைக்கும் ஒவ்வொரு தடவை வாசிப்பாரு, முதல்ல ராஜாவுக்கு, அதாவது தெற்கு பக்கம், ரெண்டாவது சதுக்கத்து பக்கம், மூணாவது ஃப்ளோரியன் வாசல் பக்கம், கடைசி கிழக்க. அதனால முதல் தடவை சத்தம் லேசா கேட்டதும் ஏமாந்துடாதீங்க, கவிஞர் மிட்ஸ்கியேவிச் சிலை பக்கத்துல நின்னு கோபுரத்து ஜன்னலயே பாருங்க, அடுத்தது உங்க பக்கம் தான், குட்டியா ட்ரம்பெட் வாய் மட்டும் பளிச்சுனு வெளிய வரும். பாட்டு நல்லா போயிட்டு இருக்கும்போதே பட்டுனு பாதில அறுந்துடும். 1241ல டாட்டர், அதாவது மங்கோலிய படை வந்தப்போ எச்சரிக்கை வாசிச்சவர் தொண்டையில அம்பு பாஞ்சுதுனு கதை. கதை ஊர் முழுக்க சொல்றாங்க, ஆனா அது உலகத்துக்கு தெரிய வந்ததே 1928ல ஒரு அமெரிக்க எழுத்தாளர் எழுதுன சிறுவர் நாவலால. முடிஞ்சதும் கீழ இருந்து கை ஆட்டுங்க, அவரும் ஆட்டுவாரு.

ஏன் 12 மணிக்கு கேக்க கூடாதுனா, அப்போ நீங்க சர்ச்சுக்கு உள்ள இருக்கணும். டிக்கெட் வாங்குற இடமும் டூரிஸ்ட் வாசலும் முன்னாடி கிடையாது, சைடுல இருக்க குட்டி சதுக்கத்துல. முன் வாசல் சாமி கும்பிட வரவங்களுக்கு. டிக்கெட் எடுத்துட்டு 11:45க்கு உள்ள போய் முன் வரிசைல இடம் புடிங்க, 11:50க்கு பெரிய பீடத்தோட கதவு திறப்பாங்க. வைட் ஷ்டோஸ்னு ஜெர்மனில இருந்து வந்த சிற்பி, 1477ல ஆரம்பிச்சு 1489ல முடிச்சாரு, பன்னெண்டு வருஷ வேலை. ஓக் மரத்துல சட்டம், லிண்டன் மரத்துல உருவங்க, மொத்தம் சுமார் 13 மீட்டர் உசரம், நடுவுல இருக்குறவங்க நம்மள விட பெருசு, 2.7 மீட்டர் வரைக்கும். மூடியிருக்கப்போ பாத்தா சும்மா மர பலகைல காட்சிங்க மாதிரி இருக்கும், கதவு மெல்ல விலகும்போது உள்ள தங்கம் கொட்டுன மாதிரி வெளிய வரும். முகத்த விட கைய பாருங்க. அப்போஸ்தலர்கள் கையில நரம்பு புடைச்சு நிக்குறது, விரல் கணு வீங்கி இருக்குறது, மூட்டு வலிக்காரன் கை எப்படி இருக்கும்னு பாத்து பாத்து செதுக்கியிருக்காரு. போர் சமயத்துல நாஜிங்க இதை கழட்டி நியூரம்பெர்க்குக்கு கொண்டு போயிட்டாங்க, 1946ல தான் திரும்ப வந்துச்சு. ஞாயித்துக்கிழமை காலைல பூசை இருக்கும், டூரிஸ்ட்ட விட மாட்டாங்க, அதனால முதல் நாள வேற கிழமைக்கு மாத்திக்கோங்க.

வெளிய வந்தா நேரா சுகென்னீட்செ, பழைய ஜவுளி வியாபார கூடம், 108 மீட்டர் நீளம், 1555ல தீப்பிடிச்சதுக்கு அப்புறம் இப்போ இருக்க ரூபத்துல கட்டுனது. உள்ள இப்போ ஆம்பர் நகையும் மரப் பெட்டியும், விலை கொஞ்சம் டூரிஸ்ட் விலை தான். நடு வழியில ஒரு கத்தி சங்கிலில தொங்கும், நிறைய பேர் பாக்காமயே போறாங்க. மரியாக்கியோட ரெண்டு கோபுரத்த கட்டுன அண்ணன் தம்பி கதை, தம்பி கோபுரம் உசந்துடும்னு அண்ணன் குத்திட்டானாம், அந்த கத்தி இதுவாம். இன்னொரு விளக்கம், சந்தைல திருடினா காத அறுப்போம்ங்கறதுக்கு அடையாளமா தொங்க விட்டது. ரெண்டாவது தான் நம்புற மாதிரி இருக்கு.

சதுக்கத்துல தனியா நிக்குற டவுன் ஹால் கோபுரம் 70 மீட்டர், 1703 புயல்ல சாஞ்சு இப்பவும் 55 செண்டிமீட்டர் சாய்வுல நிக்குது. மூலையில குட்டியா இருக்க வோய்ச்சேக் சர்ச், அது சதுக்கத்த விட பழசு, அதோட பழைய தரை இப்போ இருக்க மட்டத்துக்கு ரெண்டு மீட்டருக்கு மேல கீழ இருக்கு. மண்ணும் கல்லும் மேல மேல கொட்டி ஊரே உசந்துருக்கு. இதை முழுசா பாக்கணும்னா சதுக்கத்துக்கு அடியில 2010ல திறந்த மியூசியம் இருக்கு, பழைய ரோடு, கடை அஸ்திவாரம் எல்லாம், மழை நாளுக்கு அருமையான இடம்.

சாப்பாடு. சதுக்கத்து மேல சாப்பிட வேணாம்னு சொல்ல மாட்டேன், காபி குடிச்சுட்டு வேடிக்கை பாருங்க, ஆனா பசிக்கு ரெண்டு தெரு தள்ளி "பார் ம்லெச்னி"னு போர்டு போட்ட மெஸ் மாதிரி கடைங்க, அங்க போங்க. பேருக்கு பார், சரக்கு கிடையாது, பால் கடைனு அர்த்தம். பியரோகினு நம்ம கொழுக்கட்டை மாதிரி ஒண்ணு, அதுல "ருஸ்கியே"னு கேட்டா உள்ள உருளைக்கிழங்கும் பன்னீர் மாதிரி சீஸும். வெஜிடேரியன்ஸ் இங்க தான் மாட்டுவீங்க, உள்ள வெஜ், ஆனா மேல வறுத்த பன்றிக் கொழுப்பு துண்ட தூவி கொடுத்துடுவாங்க, நான் முதல் தடவை வெங்காயம்னு நினைச்சு ரெண்டு வாய் சாப்பிட்டுட்டேன். ஆர்டர் பண்ணும்போதே "பெஸ் ஸ்க்வார்குஃப்"னு சொல்லிடுங்க, அது இல்லாமனு அர்த்தம். இன்னொண்ணு, சந்தை போடுற சீசன்ல கிரில் கடைங்கள்ல போர்டுல இருக்க விலை 100 கிராமுக்கு. நான் கவனிக்காம "கொஞ்சம் உருளைக்கிழங்கு போடுங்க"னு சொல்ல, தட்டு நிறைய வாரி போட்டு எடை போட்டு ஒரு பில்லு கொடுத்தாங்க பாருங்க, அந்த காசுக்கு ஹோட்டல்ல உக்காந்து ரெண்டு பேர் சாப்பிட்டிருக்கலாம்.

அப்படியே டாய்லெட் விஷயமும் சொல்லிடுறேன், யாரும் சொல்ல மாட்டாங்க. போலந்துல கதவுல பல இடத்துல ஆண் பெண் படம் இருக்காது, முக்கோணம் போட்டது ஆம்பளைங்களுக்கு, வட்டம் போட்டது பொம்பளைங்களுக்கு. பொது டாய்லெட்டுக்கு சில்லறை வெச்சுக்கோங்க.

மதியம் சதுக்கத்துக்கு மேற்கால ரெண்டு தெரு தள்ளி கொலேஜியம் மாயுஸ், யாகியெலோனியன் யுனிவர்சிட்டியோட பழைய கட்டடம். யுனிவர்சிட்டி 1364ல ஆரம்பிச்சது, 1491ல இருந்து நாலு வருஷம் கோப்பர்னிக்கஸ் இங்க படிச்சாரு. முற்றத்துக்கு உள்ள போக காசு இல்ல, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சுவத்து கடிகாரத்துல பொம்மைங்க ஊர்வலம் வரும். இந்த இடத்துல யாத்விகாங்கற பேர ஞாபகம் வெச்சுக்கோங்க. 1384ல, பத்து வயசுல முடிசூட்டுன பொண்ணு, ராணினு இல்ல, ராஜானு பட்டம் கொடுத்து உக்கார வெச்சாங்க. சாகும்போது தன் நகை எல்லாத்தையும் படுத்து கிடந்த இந்த யுனிவர்சிட்டிக்கு எழுதி வெச்சுட்டா, அந்த காசுல தான் 1400ல இது மறுபடி உயிரோட வந்துச்சு. மிச்சத்த வாவெல்ல, அதாவது ராஜாங்க இருந்த மலைக்கோட்டைல சொல்றேன்.

அங்க இருந்து தெற்க வந்து ஃபிரான்சிஸ்கன் சர்ச்சுக்குள்ள போங்க. ஃப்ரீ தான். உள்ள போனதும் எல்லாரும் பீடத்த பாத்துட்டே நடப்பாங்க, நீங்க பாதி தூரம் போய் திரும்பி வாசலுக்கு மேல பாருங்க. விஸ்பியான்ஸ்கி பண்ணுன கலர் கண்ணாடி ஜன்னல், கடவுள் கைய நீட்டி உலகத்த "உண்டாகட்டும்"னு சொல்றது. மேற்கு பக்க ஜன்னல் அது, சாயங்கால வெயில் பட்டா நீலமும் பச்சையும் எரியுற மாதிரி இருக்கும், அதனால தான் இதை மதியத்துக்கு மேல வெச்சேன்.

க்ரோட்ஸ்கா தெருவுல இறங்குனா பீட்டர் பால் சர்ச், வாசல்ல பன்னெண்டு பேர் சிலை வரிசையா நிப்பாங்க, எல்லாரும் அதையே போட்டோ எடுப்பாங்க. பக்கத்துல வெள்ளையா, அலங்காரமே இல்லாம நிக்குற அந்த்ஜெய் சர்ச்ச பாருங்க, 11ஆம் நூற்றாண்டு கடைசில கட்டுனது. கீழ ஜன்னல் எல்லாம் விரல் நுழையுற அளவு கீறல் தான். 1241ல அந்த டாட்டர் படை வந்தப்போ ஜனங்க இதுக்குள்ள போய் ஒளிஞ்சு தப்பிச்சாங்க.

வாவெல் மலைக்கு மேல போக காசு இல்ல, உள்ள ஒவ்வொரு பகுதிக்கும் தனி டிக்கெட், சீசன்ல சீக்கிரம் தீந்துடும். எல்லாத்தையும் பாக்க முயற்சி பண்ணாதீங்க, என்ன கேட்டா கதீட்ரல் ஒண்ணு போதும். வாசல்ல சங்கிலில பெரிய எலும்புங்க தொங்கும், டிராகன் எலும்புனு சொல்வாங்க, நிஜத்துல மேமத், திமிங்கலம் மாதிரி பிராணிங்களோடது, விழுந்தா உலகம் அழிஞ்சுடும்னு நம்பிக்கை. மேல மர படி ஏறுனா ஜிக்முன்ட் மணி, 1520ல வார்த்தது, 12 டன்னுக்கு மேல, ஆட்டுறதுக்கே பன்னெண்டு ஆள் வேணும். படி குறுகல், முட்டி வலிக்காரங்க கீழயே இருந்துடுங்க. கீழ கதீட்ரல்ல யாத்விகாவ தேடுங்க. 1949ல கல்லறைய திறந்தப்போ கூட இருந்த செங்கோலும் உருண்டையும் தங்கம் இல்ல, மரம். நகை எல்லாம் போயிடுச்சுல்ல. அந்த மரச் செங்கோல் அங்க கண்ணாடிக்குள்ள இருக்கு, மதியம் பாத்த முற்றத்த நினைச்சுக்கோங்க.

அரண்மனை முற்றத்துல ஒரு மூலையில சில பேர் சுவத்துல சாஞ்சு கண்ண மூடிட்டு நிக்குறத பாக்கலாம். சிவன் உலகத்துல ஏழு இடத்துல ஏழு கல்ல வீசுனாராம், டெல்லி, மெக்கா, ரோம், ஜெருசலேம் அப்படினு லிஸ்ட் போகும், அதுல ஒண்ணு இந்த சுவத்துக்கு அடியிலயாம். எந்த புராணத்துல இருக்குனு நான் கேட்டதில்ல, கோட்டை நிர்வாகத்துக்கும் இந்த கதை பிடிக்காது. நான் போனப்போ கூட இருந்த போலந்துக்கார நண்பன் "உங்க சாமி தானே, நீயே சொல்லு"னு கலாய்ச்சான்.

இறங்குறதுக்கு வந்த வழிய விட்டுட்டு டிராகன் குகை வழியா இறங்குங்க, மேல டிக்கெட் எடுத்து சுருள் படில இறங்குனா நேரா விஸ்துலா ஆத்தங்கரைல விடும், குளிர்காலத்துல மூடிருவாங்க. வெளிய டிராகன் சிலை, சில நிமிஷத்துக்கு ஒரு தடவை நிஜமா நெருப்பு கக்கும். குழந்தைங்கள கூட்டிட்டு வந்தா அரை மணி நேரம் அங்கயே போயிடும். முதல் நாள் அவ்ளோ தான், ஆத்தங்கரைல உக்காருங்க.

ரெண்டாவது நாள் காஜிமியேஷ், போட்குஜெனு யூதர்கள் வாழ்ந்த ரெண்டு பகுதி. இதை முதல் நாளோடயே சேத்து அடிக்குறவங்க இருக்காங்க, தயவு செஞ்சு வேணாம், காலும் தாங்காது, மனசும் தாங்காது. சனிக்கிழமை வேணாம், யூத கோயில்ங்க மூடியிருக்கும். வாவெல் அடிவாரத்துல இருந்து தெற்க நடக்கும்போது டீட்லா தெருவ தாண்டுவீங்க, நடுவுல மரம் வெச்சு ரொம்ப அகலமா இருக்கும். அது ஒரு காலத்துல ஆறு, விஸ்துலாவோட பழைய கிளை, 19ஆம் நூற்றாண்டுல மூடுனாங்க. அப்போ 1335ல காஜிமியேஷ் மன்னர் தன் பேர்ல கட்டுன இந்த ஊர் தனி ஊர், ஆத்துக்கு அந்தப் பக்கம். 1495க்கு அப்புறம் க்ராக்கோவ்ல இருந்து யூதர்கள இங்க அனுப்பிட்டாங்க.

ஷெரோகா தெருவுல ரேமு கோயிலும் கல்லறை தோட்டமும், ஆம்பளைங்க தலைய மூடணும், வாசல்லயே குல்லா தருவாங்க. உடைஞ்ச கல்லறை கல்லு துண்டுங்கள வெச்சே ஒரு சுவரு கட்டியிருக்காங்க. கிட்ட போய் பாருங்க, ஒரு துண்டுல பாதி எழுத்து, இன்னொண்ணுல ஒரு சிங்கத்தோட பின்னங்கால் மட்டும். கூழாங்கல்ல கல்லறை மேல வெக்குறது அவங்க மரியாதை, அதை தொடாதீங்க. பசிச்சா பிளாட்ஸ் நோவி சதுக்கத்துல நடுவுல இருக்க வட்ட கட்டடத்துல ஜாப்பியேகான்கா, நீள பிரெட்ட பாதியா வெட்டி காளானும் சீஸும் போட்டு சுட்டது, ஒண்ணு வாங்கி ரெண்டு பேர் சாப்பிடலாம்.

கயித்து மேல நடக்குற பொம்மைங்க தொங்குற பெர்னாட்டெக் நடைபாலத்த தாண்டுனா போட்குஜெ. 1941 மார்ச்ல இருந்து 1943 மார்ச் வரைக்கும் நாஜிங்க யூதர்கள சுவரு கட்டி அடைச்ச கெட்டோ இங்க தான், சுமார் 3,000 பேர் இருந்த இடத்துல 15,000 பேருக்கு மேல அடைச்சு வெச்சாங்க. ல்வொஃப்ஸ்கா தெருவுல அதோட சுவரு ஒரு துண்டு மிச்சம் இருக்கு, மேல் விளிம்ப கல்லறை கல்லு மாதிரி வளைவா கட்டியிருக்காங்க. தன் கிட்ட வேலை பாத்த யூதர்கள காப்பாத்துன ஜெர்மன் முதலாளி ஷிண்ட்லரோட ஃபேக்டரி மியூசியம் பக்கத்துல லிபோவா தெருவுல, டிக்கெட் பல நாள் முன்னாடியே போடணும். அங்க ஷிண்ட்லர் பத்தி கொஞ்சம் தான், ஜெர்மன் ஆக்கிரமிப்புல இந்த ஊர் எப்படி இருந்துச்சுங்கறது தான் முழு மியூசியமும், தெரியாம போனவங்க ஏமாந்துட்டோம்னு புலம்புவாங்க.

கெட்டோ ஹீரோஸ் சதுக்கத்த கடைசில வெச்சுக்கோங்க. காலியா பெரிய பெரிய உலோக நாற்காலிங்க, வரிசையா, ஆள் இல்லாம. வீட்ட காலி பண்ண சொல்லி விரட்டுனப்போ ஜனங்க தூக்கிட்டு வந்த மேசை நாற்காலி எல்லாம் இந்த சதுக்கத்துல கிடந்துச்சு, அதோட நினைவு. அப்போ இந்த சதுக்கத்தோட பேரு ஸ்கோடி, ஒற்றுமைனு அர்த்தம். மூலையில கழுகு மருந்துக்கடை, பான்கியேவிச்னு ஒருத்தர் நடத்துனது, கெட்டோவுக்குள்ள கடைய விட்டு போக மாட்டேன்னு நின்ன யூதர் அல்லாத ஆள், மருந்து, செய்தி, ஒளிய இடம் எல்லாம் கொடுத்தாரு. இப்போ சின்ன மியூசியம், இழுப்பறைய நீங்களே திறந்து பாக்கலாம், முக்கால் மணி நேரம் ஒதுக்குங்க.

திரும்ப பழைய ஊருக்கு ட்ராம் அங்க இருந்தே கிடைக்கும். சதுக்கத்து ஓரத்துல இருக்க சின்ன நாற்காலிங்க உக்காரவும் தான், ட்ராமுக்கு காத்துட்டு இருக்கவங்க பையோட உக்காந்திருப்பாங்க, நீங்களும் உக்காரலாம். காகித டிக்கெட் வாங்குனீங்கனா ஏறுனதும் மெஷின்ல குத்திடுங்க, வாங்குனா மட்டும் போதாது, குத்தலனா ஃபைன்.